மூன்றாவது வாய்

1

இந்தக் கதை என் மச்சினன் வாயிலிருந்து வந்தது. சரியாகச் சொன்னால், அவன் வாயைத் திறக்காமல் இருந்ததிலிருந்து வந்தது.

வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான். என் மனைவி புதிதாக எதையோ செய்துவைத்து, பரிமாறிவிட்டு, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் சாப்பிட்டான். தண்ணீர் குடித்தான். மறுபடி ஒரு வாய் சாப்பிட்டான். முகத்தில் ஒரு சலனம் வேண்டுமே!

"நல்லா இருக்கா இல்லையா, சொல்லித் தொலையேண்டா."

அவன் என் பக்கம் கையைக் காட்டினான். நான் முடிக்க வேண்டுமாம். நான் தட்டை வழித்த பிறகுதான் வாயைத் திறந்தான். "உப்பு கொஞ்சம் தூக்கல்க்கா. மத்தபடி பிரமாதம். நான் மொதல்லயே சொல்லியிருந்தா மாமாவுக்கும் உப்பாத்தான் இருந்திருக்கும்."

அவனுக்கு வேலை ஏ.சி. ரிப்பேர். ஆனால் விடுமுறை நாட்களில் பீர் போட்டிகளுக்கு நடுவராகப் போகிறான். பீரிலும் கருப்பு பீர், அதிலும் சாக்லேட் ருசி வருகிற ஸ்டவுட். "ஓசியில குடிச்சுட்டு அதுக்கு மார்க் வேற போடுறான், கேட்டா நடுவராம்" என்பது அவனுடைய அக்காவின் கருத்து. அன்றைக்கு அவன் எங்களுக்கு ஒரு விதியைச் சொன்னான். ஒரு மேசைக்கு மூன்று நடுவர்கள். மூன்று பேரும் மார்க் போட்டு முடிக்கிறவரை ஒருவரும் பேசக் கூடாது. முகம் சுளிக்கக் கூடாது. ம்ம் என்றுகூடச் சொல்லக் கூடாது. ஒருமுறை ஒருவர் வாய் தவறி "சோப்பு" என்று சொல்லிவிட்டாராம். அவ்வளவுதான். மற்ற இரண்டு பேருக்கும் அந்த பீரில் சோப்புதான் வந்தது. அந்த மேசையில் அதற்குப் பிறகு வந்த எல்லா பீரிலும் சோப்பு. நல்ல சரக்கெல்லாம் அன்றைக்கு மண்ணைக் கவ்வியது. கடைசியில் பார்த்தால் சோப்பு என்று சொன்னவர் காலையில் கை கழுவிவிட்டுச் சரியாக அலசவில்லை.

"சொன்ன வார்த்தை வாய்க்குள்ள போயிடும் மாமா. அப்புறம் அதைத் துப்ப முடியாது" என்றான்.

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. இதை வைத்து ஒரு நகைச்சுவைக் கதை எழுதலாம் என்று அப்போதே முடிவு செய்தேன். (நகைச்சுவை. நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் கிளம்பியது அங்கேதான்.)

ஒரு சின்ன விஷயம். நான் குடிக்கிறவன் இல்லை. கொள்கை ஒன்றும் கிடையாது, வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. அந்தக் கருப்பு நுரைத் தண்ணீர் ஒரு சொட்டுகூட என் நாக்கில் பட்டதில்லை. ருசி தெரியாதவன் ருசியைப் பற்றி எழுதுகிறானே என்று நீங்கள் கேட்கலாம். எழுத்தாளர்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் பிழைக்கிறோம்.

2

முதல் தொடக்கம்:

"சாக்லேட் பீருக்கு மார்க் போட மூன்று பேர் உட்கார்ந்தார்கள். மூன்று பேருக்கும் ஜலதோஷம்."

நான் எழுதியதிலேயே நல்ல வரி என்று நினைத்தேன். மச்சினன் போனில், "ஜலதோஷம்னா மேசைக்கே விடமாட்டாங்க மாமா, போட்டியைத் தள்ளி வச்சுடுவாங்க" என்றான். கதை அங்கேயே படுத்துவிட்டது.

இரண்டாவது தொடக்கம்:

"கருப்பு என்பது வெறும் நிறமல்ல, அது ஒரு"

(ஒரு என்ன? எனக்கே தெரியவில்லை. இப்படி ஆரம்பிக்கிறவர்களை நான் நம்புவதும் இல்லை. விட்டுவிட்டேன். வரி அப்படியே நிற்கட்டும், பாவம்.)

மூன்றாவது தொடக்கம்:

"விடுமுறைக்கு மூடிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தின் வேதியியல் லேபில், கண்ணாடியம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்."

இது நின்றது. ஏன் நின்றது என்று கேட்காதீர்கள். கண்ணாடியம்மா யார் என்று எனக்கு அப்போது தெரியாது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள், ஐம்பதைத் தாண்டியவள், மேசையில் எல்லோரும் அவளை அந்தப் பெயரில்தான் கூப்பிடுவார்கள் என்பதெல்லாம் எழுத எழுதத்தான் தெரிந்தது. நாள் முழுவதும் கடையில் நின்று, "இப்போ நல்லா தெரியுதா, முன்னாடி போட்டதுல நல்லா தெரிஞ்சுதா?" என்று கேட்கிற வேலை அவளுக்கு. அந்தக் கேள்வியை எந்தப் பக்கமும் சாயாமல் கேட்க வேண்டும். "இதுதானே நல்லா தெரியுது?" என்று கேட்டால் வந்தவர் ஆமாம் என்றுதான் சொல்வார், பிறகு படியில் தடுக்கி விழுவார். அவளைவிட நல்ல நடுவர் எங்கே கிடைப்பார்? என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த பத்தியில் இந்த வரி வந்தது: "அவள் வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது."

நான் இதை யோசிக்கவே இல்லை. நகைச்சுவைக் கதையில் செத்தவருக்கு என்ன வேலை? அடித்தேன். அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனால் கை ஓடவில்லை. அந்த வரியைத் திருப்பிப் போட்டதும் ஓடியது. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

3

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்தால் பின்கட்டுக் குளியலறையில் பீர் காய்ச்சுவார். குளிக்கப் போகிறவர்கள் வாளியைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் செய்ததில் உருப்படியானது ஒரே ஒரு சாக்லேட் ஸ்டவுட். அதில் எதையோ ஒன்றைப் போட்டிருந்தார். அந்த ஒன்று வேறு யார் சரக்கிலும் கிடையாது. கண்ணாடியம்மா எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டாள்.

"எல்லாத்தையும் உன்கிட்ட சொல்லிட்டா, அப்புறம் என்னை எதுக்கு வச்சிருப்ப?" என்பார்.

ஒருநாள் காலையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மிச்சமிருந்த பாட்டில்களில் கடைசியானதைக் கண்ணாடியம்மாவும் பல் டாக்டரும் குடித்தார்கள். டாக்டர் அவருடைய சிநேகிதர், வீட்டைத் தாண்டி அவர் அதை ஊற்றிக்கொடுத்த ஒரே ஆள். இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் குடித்து முடித்து, பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்கள். அத்தோடு அந்த ருசி உலகத்தில் இல்லை.

இப்போது லேபுக்கு வாருங்கள். நீளமான கல் மேசை. மேசைக்கு மேசை ஒரு தொட்டி, குழாய். சுவரில் தனிமங்களின் அட்டவணை, ஓரம் கிழிந்து தொங்குகிறது. கண்ணாடியம்மாவுக்கு எதிரே பல் டாக்டர். பக்கத்தில் மூன்றாவது நடுவர், ரொட்டிக்கடைக்காரர். எவரும் வாசனைச் சோப்புப் போட்டுக் குளிக்கவில்லை. நடுவில் தட்டில், கிளாஸுக்குக் கிளாஸ் வாயைச் சுத்தம் செய்ய, உப்பில்லாத ரொட்டித் துண்டுகள். ரொட்டிக்கடைக்காரர் அவற்றைப் பார்க்கிற பார்வையிலேயே வாங்கியது வேறு கடையில் என்று தெரிந்தது.

லேபுக்குப் பின்னால் சாமான்கள் வைக்கிற சின்ன அறை. அந்த அறைக்குப் பனிபடர்ந்தது போன்ற கண்ணாடி போட்ட கதவு. கதவுக்குப் பக்கத்தில், சுவரில் ஒரு சதுரத் திறப்பு. பீர் ஊற்றுகிற ஆள் உள்ளே இருப்பார். எந்த பாட்டில் யாருடையது என்று அவருக்குத் தெரியும் என்பதால் நடுவர்கள் அவர் முகத்தையே பார்க்கக் கூடாது. திறப்பின் விளிம்பில் தட்டு வந்து நிற்கும். ரொட்டிக்கடைக்காரர் எழுந்து போய் எடுத்து வருவார். தட்டு வரும். கை வராது.

"இன்னைக்கு ஊத்துறது யாருங்க?" என்று கண்ணாடியம்மா காலையில் வந்ததும் கேட்டாள்.

"நம்ம ஆளுதான்" என்றார் ரொட்டிக்கடைக்காரர். நம்ம ஆள் என்றால் யார் என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒவ்வொரு கிளாஸுக்கும் மேலே வாசனை போகாமலிருக்க ஒரு காகித மூடி. முதல் கிளாஸ் கருகல், அடிப்பிடித்த பாத்திரம். இரண்டாவதில் சாக்லேட் சிரப்பைக் கவிழ்த்திருந்தார்கள், பல் கூசியது. (இதைப் பல் டாக்டரை வைத்து ஒரு சிரிப்பாக மாற்ற மூன்று தடவை முயன்றேன். வரவில்லை. லேபில் சிரிப்பு ஒட்டவே மாட்டேன் என்கிறது.) மூன்றாவதில் லேசாக இரும்பு அடித்தது. கண்ணாடியம்மா நுரையில் ஒரு துளி தொட்டுப் புறங்கையில் தேய்த்து முகர்ந்து பார்த்தாள். இரும்பு இருந்தால் தோலில் பட்டதும் காட்டிக்கொடுத்துவிடும். இருந்தது. மார்க்கைக் குறைத்தாள்.

நான்காவது கிளாஸைக் கையில் எடுத்தாள். ஸ்டவுட் சில்லென்று இருந்தால் ஊமை. இரண்டு உள்ளங்கைகளாலும் பிடித்துச் சூடேற்றினால்தான் பேசும். அப்படிப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு மூடியை எடுத்தாள்.

[இங்கே அந்த வாசனை. என்னவென்று பிறகு யோசித்து எழுதலாம். மச்சினனைக் கேட்க வேண்டும்.]

அது அவருடையது.

4

கண்ணாடியம்மா மூடியை மறுபடி போட்டாள். மூடி கோணலாக உட்கார்ந்தது. முகத்தை மட்டும் அசையவிடவில்லை, அத்தனை வருஷப் பழக்கம்.

இதற்கு முன்னாலும் அந்த வாசனை வந்ததுண்டு. இந்த இரண்டு வருஷத்தில் லிஃப்டுக்குள் வந்திருக்கிறது. கடைக்கு வந்த யாரோ ஒருவர் சட்டையில் வந்திருக்கிறது. துவைத்து மடித்த துண்டில்கூட வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அப்படியே நின்றுவிட்டு, ஒன்றுமில்லை என்று தெரிந்து, தன்னைத்தானே திட்டிக்கொண்டு போயிருக்கிறாள். பார்க்கத் துடிக்கிறவர்களுக்கு எழுத்து தெரிந்துவிடும் என்பது அவளுக்குத் தொழிலில் தெரிந்த விஷயம். கடைசி வரிசை கலங்கலாக இருக்கும்போதே "ஆங், தெரியுதும்மா" என்பார்கள். பொய் சொல்கிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. இவள் மூக்கும் அப்படிப் பொய் சொல்கிற மூக்காகிவிட்டது.

ஆனால் எதிரே பல் டாக்டர் இருக்கிறார். உலகத்தில் அந்த ருசி தெரிந்த இன்னொரு வாய் அது ஒன்றுதான். அவரும் இதே நான்காவது கிளாஸைக் குடிக்கப் போகிறார். அவராக, இவள் சொல்லாமல், அந்த வாசனையைக் கண்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். இது துக்கமில்லை, மூக்கின் பித்தலாட்டமில்லை, கிளாஸில் நிஜமாகவே இருக்கிறது என்று ஆகிவிடும். இருந்தால் ஊற்றியது யார்?

இவள் முதலில் வாயைத் திறந்தால் எல்லாம் போச்சு. "டாக்டர், இதுல அவரு இருக்காரு" என்று சொன்னால் டாக்டர் வாயிலும் அவர்தான் வருவார். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் நிச்சயமாகத் தெரிந்துகொள்ள முடியாது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பென்சிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பேசாமல் இருப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

பனிக்கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு நிழல் அடுத்த பாட்டிலை எடுத்தது. திறப்பதற்கு முன் சட்டை நுனியை இழுத்து பாட்டிலின் கழுத்தைத் துடைத்தது.  சட்டையில் துடைக்காதீங்க, கறை போகாது என்று எத்தனை தடவை கத்தியிருப்பாள்!

(அந்த நிழலை நான்தான் எழுதினேன். சட்டை நுனியையும் நான்தான் எழுதினேன். ஆனால் அவர் சட்டையில் துடைப்பவர், அதற்கு அவள் கத்துவாள் என்பது எனக்கு அந்த வரியை எழுதும்போதுதான் தெரிந்தது. எது முதலில் வந்தது என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.)

நிழல் என்பதால் வயது தெரியவில்லை. யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். சட்டையில் துடைக்காத ஆண்பிள்ளை எந்த ஊரில் இருக்கிறான்? அவள் இப்படித்தான் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். எதிரே டாக்டர் நான்காவது கிளாஸை உள்ளங்கைகளுக்குள் எடுத்துக்கொண்டார்.

5

இங்கே நின்றுவிட்டேன். என்ன வாசனை என்று எனக்கு ஒரு யோசனையும் இல்லை. ருசி தெரியாதவன் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான். அடைப்புக்குறிக்குள் இருந்த குறிப்பை அழித்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு வரிக்கு வெறும் வெள்ளையாக விட்டு, பிரிண்ட் எடுத்து மனைவியிடம் கொடுத்தேன். கதை எங்கே தொய்கிறது என்று அவள் பட்டென்று சொல்லிவிடுவாள். அவளுக்கு என்மேல் இலக்கிய மரியாதை எதுவும் கிடையாது.

ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தாள். நல்ல வெயில். நான் செய்தித்தாளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது பக்கத்தில் தலையைத் தூக்கினாள்.

"அடுப்புல எதாவது வச்சிருக்கீங்களா?"

"இல்லையே."

"வாசனை வருது." எழுந்து போய்ச் சமையலறையைப் பார்த்துவிட்டு வந்தாள். கையில் இருந்த தாளைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "அட, இந்தக் கதைதான். நல்லா எழுதியிருக்கீங்களே! மூக்குலயே வந்துடுச்சு. இவ்வளவு நாளா எங்க வச்சிருந்தீங்க இந்தத் திறமைய?"

"என்ன வாசனை வந்துச்சு?"

சொன்னாள். ஒரே ஒரு சொல்.

பீருக்குள் அதைப் போடலாம் என்று நான் ஜென்மத்துக்கும் யோசித்திருக்க மாட்டேன். யாருமே யோசிக்க மாட்டார்கள். ஆனால் சொன்னவுடனே, குளியலறையில் வாளிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருக்கிற ஒரு லிஃப்ட் மெக்கானிக் அதைத்தான் போட்டிருப்பார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

"நான் அதை எங்க எழுதியிருக்கேன்?"

"இதோ" என்று பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தாள். விரலுக்குக் கீழே வெறும் வெள்ளை. மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். அடுத்த பக்கத்தைப் பார்த்தாள். "இங்கதாங்க படிச்சேன். ரெண்டு வரி இருந்துச்சு." தாளை மேசைமேல் வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "இந்தக் கதை வேண்டாம். வேற எதாவது எழுதுங்க."

அதே தாள்களை மச்சினனுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். குறிப்பு ஒன்றும் எழுதவில்லை. விதி விதிதானே? மதியம் கூப்பிட்டான். வழக்கமாக எடுத்தவுடன் என்னைக் கிண்டல் செய்கிறவன், அன்றைக்கு நேரே விஷயத்துக்கு வந்தான்.

"மாமா, இது யாரு உங்களுக்குச் சொன்னது?"

"எது?"

சொன்னான். அதே சொல்.

"அது பீர்ல வர்ற வாசனையே இல்ல மாமா. இத்தனை வருஷத்துல ஒரு கிளாஸ்லயும் பார்த்ததில்ல. ஆனா வந்தா எப்படி இருக்குமோ அப்படியே எழுதியிருக்கீங்க. நாக்குல இன்னும் நிக்குது. தண்ணி குடிச்சுப் பார்த்தேன், போகல."

 பயந்துபோனேன் என்று சொல்வதில் வெட்கமில்லை. மனைவியைக் கேட்டேன், தம்பிகிட்ட எதாவது சொன்னியா என்று. "நான் எதுக்கு அவன்கிட்ட சொல்லப்போறேன்? அந்தப் பேச்சையே எடுக்காதீங்கன்னுதானே சொல்றேன்" என்றாள். அவள் பொய் சொல்லமாட்டாள். சொன்னால் எனக்குத் தெரியும்.

பிறகு அறிவு வேலை செய்தது. இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்து ஒரே சமையலறையில் வளர்ந்தவர்கள். ஒரே மூக்கு. என் வரிகள் எதையோ கிளறிவிட, இரண்டு பேருக்கும் சின்ன வயதிலிருந்து ஒரே ஞாபகம் வந்திருக்கிறது. இதில் பேயும் இல்லை பிசாசும் இல்லை. மேசைக்கு மூன்று நடுவர்கள் எதற்கு? இரண்டு பேர் இப்படி ஒரே பக்கம் சாய்ந்துவிடலாம் என்பதற்குத்தானே?

எனக்கு என்ன வந்தது என்று கேட்கிறீர்களா? ஒன்றும் வரவில்லை. அந்த வெள்ளை இடத்தை மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தேன். பிரிண்டர் மை வாசனை. எழுதியவனுக்கு ஒன்றும் கிடையாது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

6

கதையை முடித்துத் தலைமுழுகிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் முடிவு: மூன்று பேரும் பென்சிலைக் கீழே வைக்கிறார்கள். இனிமேல் பேசலாம். டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாலாவது கிளாஸ்ல லேசா வெண்ணெய் அடிக்குது. சரியா புளிக்கவிடாம அவசரப்பட்டு பாட்டில்ல அடைச்சிருக்காங்க" என்கிறார். ரொட்டிக்கடைக்காரர் ஆமாம் என்கிறார். கண்ணாடியம்மாவின் கண்ணில் தண்ணீர் நிறைகிறது. வெளியே வெயில். அவள் பஸ் ஏறி வீட்டுக்குப் போகிறாள்.

நல்ல முடிவு. சோகம் இருக்கிறது, கௌரவம் இருக்கிறது, எந்தப் பத்திரிகையும் போடும். எழுந்து போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். கடைசிப் பத்திக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது.

"அது டாக்டர் சொன்னது இல்லீங்க. நீங்க சொன்னது."

நான்தான் எழுதியிருப்பேன். என் கம்ப்யூட்டர், என் விரல், வீட்டில் வேறு யாரும் என் மேசைப் பக்கம் வருவதில்லை. எழுதியதை மறந்துவிடுகிற வயதும் ஆகிவிட்டது. ஆனால் அந்த வரி சரிதான் என்பதுதான் என்னை உலுக்கியது. டாக்டர் வெண்ணெய் என்றால் அது நான் சொன்ன வெண்ணெய். ரொட்டிக்கடைக்காரர் ஆமாம் என்றால் அது நான் போட்ட ஆமாம். அந்த லேபில் உட்கார்ந்திருக்கிற எல்லா வாயும் ஒரே வாய். கண்ணாடியம்மா கேட்டது சாட்சி. நான் அவளுக்கு எதிரொலியைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு வருஷமாகத் தன் மூக்கிடம் ஏமாந்தவளை, இப்போது நானும் என் பங்குக்கு ஏமாற்றப் பார்த்தேன்.

இரண்டாவது முடிவு: டாக்டர் அந்தச் சொல்லைச் சொல்லிவிடுகிறார். கண்ணாடியம்மா எழுகிறாள். நாற்காலி பின்னால் விழுகிறது. விதியாவது ஒன்றாவது, நேரே போய்க் கண்ணாடிக் கதவின் கைப்பிடியைத் திருப்புகிறாள். கதவைத் திறக்கிறாள். உள்ளே

மனைவி பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

"உள்ளே யாரு?"

"தெரியல."

"தெரியாம எதுக்குங்க அவளைத் திறக்கவிட்டீங்க? மொதல்ல கதவைச் சாத்துங்க."

சாத்தினேன். அந்த இரண்டு பத்தியையும் அழித்தேன். நாற்காலியை நிமிர்த்தி அவளை மறுபடி உட்காரவைத்தேன். மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவ என்ன பேயையா கேக்குறா? இருக்காரா இல்லையான்னு ஒரு வார்த்தை. அதை யாராவது வெளியாள் சொல்லணும். அவ்வளவுதானே?" என்றாள். "பாவங்க அந்தப் பொம்பள. நீங்க சும்மா விளையாடாதீங்க."

7

ஆகவே நான் விளையாடவில்லை.

லேப். தொட்டிக் குழாயில் சொட்டுச் சொட்டாக நீர் விழுகிறது. ரொட்டிக்கடைக்காரர் மார்க் போட்டுவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். டாக்டரும் வைத்துவிட்டார். இருவருடைய வாயையும் நான் திறக்கவிட மாட்டேன். அவை என் வாய்கள், எதற்கும் பிரயோஜனமில்லை. கண்ணாடியம்மாவும் நான்காவது கிளாஸுக்கு மார்க் போட்டாள். எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை. அவள் எழுந்து, மெதுவாக, எவரையும் கேட்காமல் கதவுக்கு முன்னால் போய் நின்றாள்.

உள்ளே நிழல் வேலையை நிறுத்திவிட்டது. கையில் பாட்டிலுடன், தலையைக் கொஞ்சம் சாய்த்து, காது கொடுப்பதுபோல நிற்கிறது. கதவுக்குப் பின்னால் நான் யாரையும் எழுதவில்லை. சத்தியமாக இல்லை. நிழலோடு சரி.

நான் உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அந்த ஒரு சொல்லைத் தவிர. என் மனைவி சொன்னாள், மச்சினன் சொன்னான், நான் அதை இங்கே எங்கும் எழுதவில்லை. எழுதியிருந்தால் உங்கள் வாய் கெட்டுப்போயிருக்கும். மூன்றாவது பகுதியில் அவள் மூடியை எடுத்த இடத்தில், என் பழைய குறிப்பை அப்படியே திருப்பி வைத்திருக்கிறேன். அந்த இடத்தைத் தாண்டித்தான் வந்தீர்கள். நீங்கள் என் மனைவிக்கு உறவில்லை, அவள் சமையலறையில் வளர்ந்தவரில்லை. நான் எழுதிய ஆளும் இல்லை. இந்த மேசையில் மிச்சமிருக்கிற வெளியாள் நீங்கள் ஒருவர்தான்.

அந்த மூடியை எடுத்தபோது உங்களுக்கு என்ன வந்தது?

ஒன்றும் வரவில்லை என்றால் அப்படியே சொல்லுங்கள். அவள் தாங்கிக்கொள்வாள். திரும்பி வந்து ஐந்தாவது கிளாஸை எடுப்பாள், நாளைக்கு வழக்கம்போலக் கடையைத் திறப்பாள். அவளைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று மட்டும் எதையும் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொல்கிறவர்களை அவள் நாள் முழுக்கப் பார்க்கிறாள், உடனே கண்டுபிடித்துவிடுவாள்.

ஆனால் வந்திருந்தால், இந்தப் பக்கங்களைப் படித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு நொடி, எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் தலையைத் தூக்கிப் பார்த்திருந்தால், அதையும் மறைக்காதீர்கள். என்னிடம் சொல்ல வேண்டாம். எனக்கு எழுதியும் அனுப்ப வேண்டாம், நான் தெரிந்துகொள்ள விரும்பவில்லை. அவளிடம் சொல்லுங்கள். வாய்விட்டு, ஒரே ஒரு தடவை.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, உங்கள் பக்கம் திரும்பி நிற்கிறாள்.